லேடி பிரிசில்லாவில் வந்த வம்சம்

கப்பலின் பெயரைச் செல்லையா சொல்லாமல் இருந்திருந்தால் அன்றைக்கே தட்டு மாற்றிவிட்டு எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கலாம்.

மாப்பிள்ளை வீட்டார் உக்குவளையிலிருந்து வந்து, வடை சாப்பிட்டு, தேத்தண்ணி குடித்து, நாள் நட்சத்திரம் பேசி, கல்யாண மண்டபத்துக்கு முன்பணமும் கட்டியாகிவிட்டது என்று தெரிந்துகொண்டு, தாம்பாளத்தையும் கையில் எடுத்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் அப்பா நல்லையா ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். பரிசளிப்பு விழாவில் கேடயம் கொடுப்பவர் மாதிரி தாம்பாளத்தை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார். எதிரே செல்லையா. மாத்தளை டவுனில் பாத்திரக்கடை வைத்திருப்பவர்.

செல்லையாவின் மகள் விதுஷாவும் நல்லையாவின் மகன் அஜந்தனும் சீகிரியாவில் ஒரே ஹோட்டலில் வேலை பார்க்கிறார்கள். நாலு வருஷமாக ஒருவரையொருவர் விரும்பி, இரண்டு வீட்டையும் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்து, இந்தத் தாம்பாளம்வரை கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். இன்னும் அரை நிமிஷம் செல்லையா வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். ஆனால் அந்த வாய் சும்மா இருந்து பழக்கப்பட்டதில்லை.

“நாங்க நடந்து வந்த கூட்டம் இல்ல சம்மந்தி. எங்க பூட்டன் கப்பல்ல வந்தவரு. லேடி பிரிசில்லான்னு ஸ்டீமர். தூத்துக்குடியில ஏறி கொழும்புல இறங்கினாரு.”

இதை அவர் எல்லோரிடமும் சொல்வார். இட்லிச் சட்டி வாங்க வந்தவர்கள்கூட இதைக் கேட்காமல் கடையை விட்டு இறங்க முடியாது. மாத்தளையில் பாதிக் குடும்பங்களின் முன்னோர்கள் ராமேஸ்வரத்துப் பக்கம் தோணி ஏறி, மன்னாரில் இறங்கி, காட்டுவழியாக நடந்தே வந்து சேர்ந்தவர்கள். வழியில் காய்ச்சலிலும் பேதியிலும் போனவர்கள் போக மிச்சம் பேர். அப்படிப்பட்ட ஊரில் கப்பலில் வந்தோம் என்று சொல்லிக்கொள்ள முடிந்தால் யாருக்குத்தான் தலை நிமிராது?

நல்லையா தாம்பாளத்தை மெதுவாக மேசையில் வைத்தார்.

“என்ன கப்பல்னு சொன்னீங்க?”

“லேடி பிரிசில்லா.”

“எங்க பூட்டனும் லேடி பிரிசில்லாவுலதான் வந்தாரு.”

செல்லையாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “பாத்தீங்களா? ஜாதகத்த விடுங்க, இதுதான் பொருத்தம்.”

“இது பொருத்தம் இல்ல. இனிமே இந்தப் பேச்சே இல்ல” என்றார் நல்லையா. “ஒரே கப்பல்ல வந்தவங்க ஒரே வயித்துல பொறந்தவங்க மாதிரின்னு எங்க அப்பா சாகுற வரைக்கும் சொன்னாரு. கப்பல் பங்காளி வீட்டுல நாங்க பொண்ணு குடுக்கிறதும் இல்ல, எடுக்கிறதும் இல்ல. இந்தப் புள்ள எம் மகனுக்குத் தங்கச்சி முறை.”

தங்கச்சி என்ற சொல்லைக் கேட்டதும் அஜந்தனுக்கு வடை தொண்டையில் சிக்கிக்கொண்டது. விதுஷாவின் அம்மா சிவநந்தினி ஓடிப்போய் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தாள். அவன் இருமி முடிப்பதற்குள் அவனுடைய ஆட்கள் வேனில் ஏறிவிட்டார்கள். மாற்றாத தட்டுகள் மேசைமேலேயே இருந்தன.

“ஏங்க, நீங்க கப்பல்ல வந்தா என்ன, பறந்து வந்தா என்ன? அத இப்பச் சொல்லணுமா?” என்றாள் சிவநந்தினி.

விதுஷா அழவில்லை. அழுதிருந்தால் செல்லையாவுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

“அப்பா, நீங்க ஆரம்பிச்சது. நீங்களே முடிங்க. அஜந்தன் இல்லேன்னா எனக்கு இன்னொரு கல்யாணப் பேச்சு இந்த வீட்டுல வேணாம்” என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனாள். இரவு சாப்பிடவும் வெளியே வரவில்லை.

செல்லையா நல்லையாவுக்குப் போன் எடுத்தார். அவருக்கு ஓர் அருமையான யோசனை வந்திருந்தது.

“கப்பல் ஒண்ணாவே இருக்கட்டும் சம்மந்தி. உங்க பூட்டன் ஒரு வருஷம் வந்திருப்பாரு, எங்க பூட்டன் இன்னொரு வருஷம் வந்திருப்பாரு. அப்ப எப்பிடிப் பங்காளியாக முடியும்?”

“ஒரு தாய்க்கு மூத்தவன் ஒரு வருஷம் பொறக்கிறான், இளையவன் இன்னொரு வருஷம் பொறக்கிறான். அதுக்காக அண்ணன் தம்பி இல்லேன்னு ஆயிருமா தம்பி?”

பகல் வரைக்கும் சம்மந்தி. இப்போது தம்பி. இத்தனைக்கும் செல்லையா அவரைவிட மூத்தவர்.

மறுநாள் கடையில் செல்லையாவுக்கு எதுவும் ஓடவில்லை. மூடி கேட்டவருக்குச் சட்டியைக் கொடுத்தார். பக்கத்தில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் றிஷாத் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டான். முழுக் கதையையும் கேட்ட பிறகு கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தான்.

“அங்கிள், இந்தப் பேருல கப்பல் ஒண்ணு இல்லியே. ரெண்டு இருக்கு. ஒண்ணு பெசஞ்சர் ஏத்தினது, மத்தது சாமான் ஏத்தினது.”

“ரெண்டுக்கும் ஒரே பேரா?”

“ஒண்ணு பழசாகிப் போனா அதே பேர இன்னொண்ணுக்கு வச்சிருவாங்களாம். நெறையக் கப்பலுக்கு அப்பிடித்தான்.”

நம் வீட்டில் தாத்தா பேரைப் பேரனுக்கு வைக்கிற மாதிரி என்று செல்லையாவுக்கு உடனே விளங்கிவிட்டது. பேர் ஒன்றுதான், ஆள் வேறு. கப்பல் வேறென்றால் பங்காளியும் இல்லை, தங்கச்சியும் இல்லை. இரண்டு படத்தையும் பிரிண்ட் எடுத்து, நனையாமல் பொலித்தீன் பையில் போட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே உக்குவளைக்குப் போனார்.

நல்லையா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சிவப்புப் பேனையை எடுத்து, முக்கியமான இடங்களில் கோடு போட்டுக்கொண்டே வாசித்தார். ஓய்வுபெற்ற பிறகும் அவர் சட்டைப்பையில் அந்தப் பேனை இருந்தது.

“சரி. கப்பல் ரெண்டு. ஒத்துக்கிறேன். அப்பிடின்னா நாம பங்காளி இல்ல. அதையும் ஒத்துக்கிறேன்.”

செல்லையா சிரித்துக்கொண்டே எழும்பப் போனார்.

“இருங்க. ஒண்ணு ஆளு வந்த கப்பல். மத்தது சாமான் வந்த கப்பல். சாமான் கப்பல்ல வந்தது யாரு?”

இந்தக் கேள்வி வரும் என்று செல்லையா நினைக்கவேயில்லை. பஸ்ஸில் வரும்போது கொஞ்சம் யோசித்திருக்கலாம். யோசிக்காமல் கல்யாணச் சாப்பாட்டுக்கு என்னென்ன கறி என்று கணக்குப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

“அது வந்து... அநேகமா... உங்க...”

“எங்க பூட்டன் என்ன அரிசி மூட்டையா?”

செல்லையாவுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்துகொண்டிருந்த நல்லையாவின் மனைவி காத்தாயி, பாதி வழியில் அப்படியே திரும்பி உள்ளே போய்விட்டாள். செல்லையா பொலித்தீன் பையை மடித்துக்கொண்டு பஸ் ஏறினார்.

அன்று முழுவதும் யோசித்துப் பார்த்தார். சாமான் கப்பலை யாராவது ஒருவர் எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். மகளுக்காக அதைத் தானே எடுத்துக்கொண்டால் என்ன குறைந்துவிடப் போகிறது? நல்லையாவுக்குப் போன் எடுத்தார்.

“தப்பா சொல்லிட்டேன் சார். சாமான் கப்பல் எங்களோடது.”

“நிச்சயமா?”

“நிச்சயமா. எங்க குடும்பத்து ஆம்பளைங்க தோளப் பாத்தாலே தெரியும்.”

“அப்பச் சரி சம்மந்தி” என்றார் நல்லையா. சம்மந்தி என்ற சொல் காதில் விழுந்ததும் செல்லையாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் வீட்டில் அன்றைக்குப் பாயாசம் வைத்தார்கள். விதுஷாவும் வெளியே வந்து இரண்டு கப் குடித்தாள்.

பாயாசம் ஆறுவதற்குள், கல்யாண வேலைகளுக்காக இரண்டு வீட்டுச் சொந்தங்களையும் சேர்த்து வைத்திருந்த வாட்ஸ்அப் குழுவில் நல்லையா ஒரு செய்தி போட்டார். அதிபராக இருந்து பழகிய கை.

“அனைவருக்கும் அறியத்தருவது. பெண் வீட்டார் சரக்குக் கப்பலில் வந்தவர்கள் என்பது உறுதிப்படுத்தப்பட்டுள்ளதால், திருமணம் திட்டமிட்டபடி நடைபெறும்.”

செல்லையாவின் அக்கா பேச்சியம்மா அடுத்த தெருவில் இருக்கிறார். அம்மா போன பிறகு செல்லையாவைத் தூக்கி வளர்த்தவர். அந்தக் குடும்பத்தில் அவர் தலையாட்டாமல் ஒரு காதுகுத்துக்கூட நடந்ததில்லை. செருப்பைக் கழற்றாமல் வீட்டுக்குள் வந்து நின்றார்.

“கருவாடும் வெங்காயமும் வந்த கப்பல்லயாடா நம்ம பூட்டன் வந்தாரு?”

“அக்கா, அது சும்மா ஒரு பேச்சுக்கு...”

“பேச்சுக்கா? கண்டியில இருந்து கேக்கிறாங்க. நாலந்தாவுல இருந்து கேக்கிறாங்க. மூட்டைக்கு மேல படுத்து வந்தாரா, மூட்டைக்குள்ள வந்தாரான்னு ஒருத்தன் கேக்கிறான். அப்பா இருந்திருந்தா நெஞ்சு வெடிச்சுப் போயிருப்பாரு.”

“விதுஷாவுக்காகத்தான்க்கா.”

“விதுஷா எனக்கும் மகதான். ஆனா நம்ம வீட்டுக் கப்பல்ல நீ கை வைக்கக் கூடாது. கை வச்சா நான் கல்யாணத்துக்கு வரமாட்டேன். நான் வரலேன்னா நம்ம பக்கத்துல ஒருத்தரும் வரமாட்டாங்க. நீயும் ஒம் பொண்டாட்டியும் மண்டபத்துல தனியா உக்காந்து சாப்பிடுங்க.”

அத்தை இல்லாத கல்யாணம் தனக்கு வேண்டாம் என்று விதுஷாவும் சொல்லிவிட்டாள். செல்லையா தலையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் றிஷாத்திடம் போனார்.

“இன்னொரு லேடி பிரிசில்லா இருக்கா பாரு தம்பி. அதுவும் ஆளு வந்த கப்பலா இருக்கணும்.”

“கப்பல் என்ன அங்கிள், ஓர்டர் குடுத்து எடுக்கிற சாமானா?” என்று சொன்னாலும் றிஷாத் தேடினான். ஆச்சரியம், அப்படியும் ஒன்று இருந்தது. மூன்றாவது லேடி பிரிசில்லா. பெரிய பயணிகள் கப்பல், இரண்டு புகைபோக்கி, மேல்தளத்தில் வெள்ளை நாற்காலிகள். படத்தின் கீழே பொடி எழுத்தில் நிறைய இங்கிலீஷ் இருந்தது. றிஷாத்துக்கு ஒரு வாடிக்கையாளர் வந்துவிட்டார். செல்லையாவுக்குப் பொறுமை இல்லை. படத்தை அப்படியே குழுவில் போட்டார். “இதுதான் எங்கள் கப்பல்” என்று எழுதினார்.

பேச்சியம்மா கைகூப்பிய படம் ஒன்றைப் பதிலாக அனுப்பினார். கண்டிக்காரர்களும் நாலந்தாக்காரர்களும் கட்டை விரலைக் காட்டினார்கள். கொஞ்ச நேரம் உலகம் நன்றாக இருந்தது.

பிறகு நல்லையா அதே படத்தைத் திருப்பி அனுப்பினார். கீழே இருந்த பொடி எழுத்தில் ஒரு வரிக்குச் சிவப்புக் கோடு போட்டிருந்தார். இந்தக் கப்பல் தன் முதல் பயணத்திலேயே மேற்குக் கடலில் மூழ்கிவிட்டது என்று அந்த வரி சொன்னது.

“வாசிக்காமலா போட்டீங்க?” என்றாள் சிவநந்தினி.

“படம் நல்லா இருந்துச்சு. போட்டேன்.”

அதற்குள் போன் அடித்தது. கலேவெலயில் தோட்டம் செய்யும் பொன்னையா. செல்லையாவின் பெரியப்பா மகன். இருவருக்கும் பூட்டன் ஒருவர்தான்.

“அண்ணே, நம்ம பூட்டன் கடல்லயா போய்ச் சேந்தாரு?”

“இல்லடா.”

“கப்பல் முங்கிருச்சுன்னு போட்டிருக்கே.”

“அது வேற கப்பல்.”

“நீங்கதானே அண்ணே நம்ம கப்பல்னு போட்டீங்க? நான் ஐயர்கிட்ட கேட்டுட்டேன். தண்ணியில போனவருக்கு முறை வேறயாம். இத்தனை வருஷமா ஆடி அமாவாசைக்கு நாம குடுத்தது ஒண்ணும் அவருக்குப் போய்ச் சேந்திருக்காதுன்னு சொல்றாரு. முதல்ல அதுக்கு ஒரு பரிகாரம் செஞ்சிட்டுத்தான் வீட்டுல கல்யாணம் வைக்கணுமாம்.”

“டேய், அவரு இங்க வராம கடல்லயே போயிருந்தா நீயும் நானும் எங்க இருந்துடா வந்தோம்?”



“அதையும் ஐயர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன் அண்ணே.”

செல்லையா போனைச் சோபாவில் எறிந்தார். இரவும் பகலும் பாத்திரம் விற்று, ஒரு பெண்ணைப் படிக்க வைத்து, ஒரு நல்ல பையனைக் கண்டுபிடித்து... அதைக்கூட அவள்தான் கண்டுபிடித்தாள். இவர் செய்தது ஒரே ஒரு காரியம். கப்பலைப் பற்றிப் பேசியது. அதுவும் செய்யாமல் இருந்திருக்கலாம் என்று நினைக்கும்போது அவருக்குத் தன்மேலேயே எரிச்சலாக வந்தது. மண்டபத்துக்காரர் வேறு நடுநடுவே போன் எடுத்து, அதே நாளுக்கு இன்னொரு பார்ட்டி கேட்கிறார்கள், உறுதியா இல்லையா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் உக்குவளைக்குப் போனார்கள். பேச்சியம்மாவும் வந்தார். தம்பி மறுபடியும் கப்பலை விட்டுக்கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே வந்தார். வந்து செல்லையாவுக்குப் பக்கத்திலேயே முழங்கை இடிக்க உட்கார்ந்துகொண்டார்.

நல்லையா தொண்டையைச் செருமினார்.

“இதுவரைக்கும் உங்க பூட்டன் ஆளு வந்த கப்பல்ல வந்திருக்காரு, சாமான் கப்பல்ல வந்திருக்காரு, முங்கின கப்பல்லயும் வந்திருக்காரு. ஒரு மனுஷன் மூணு கப்பல்ல வரமுடியாது. எனக்கு ஒரே ஒரு பதில் வேணும். அந்தப் பதிலுக்கு மேல நான் ஒண்ணும் கேக்கமாட்டேன். எதுல வந்தாரு?”

ஆள் வந்த கப்பல் என்றால் விதுஷா தங்கச்சி. சாமான் கப்பல் என்றால் பக்கத்தில் பேச்சியம்மா. மூழ்கின கப்பல் என்றால் பொன்னையாவும் ஐயரும்.

செல்லையா நிமிர்ந்து பார்த்தார். வாசல்பக்கம் விதுஷா நின்றுகொண்டிருந்தாள். ஒரு வாரத்தில் மெலிந்திருந்தாள். எதிரே சமையலறைக் கதவோரம் அஜந்தன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவோம் என்று பயந்தவர்கள் மாதிரி இரண்டு பேரும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாசமாய்ப் போகட்டும் கப்பல் என்று செல்லையாவுக்குத் தோன்றியது.

“எதுலயும் வரல” என்றார்.

“என்னது?”

“எங்க பூட்டன் கப்பல்லயே வரல. சும்மா சொன்னது. பெருமைக்குச் சொன்னது.”

பேச்சியம்மாவின் முழங்கை சட்டென்று விலகியது. செல்லையா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் பொய் நின்றுபோகும்.

“ராமேஸ்வரத்துல தோணி ஏறினாரு. மன்னார்ல இறங்கினாரு. அங்க இருந்து காட்டுவழியா நடை. காலெல்லாம் கொப்புளம். கூட வந்தவங்க பாதிப் பேரு வழியிலேயே போயிட்டாங்க. குடிக்கத் தண்ணி இல்ல. கண்ட குட்டைத் தண்ணியக் குடிச்சிட்டு, ஒரு கம்பளியப் போத்திக்கிட்டு, மாத்தளை வரைக்கும் நடந்தே வந்தாரு. வந்து விழுந்தவருக்கு எந்திரிக்கவே பல நாள் ஆச்சு.”

மற்றவர்கள் வீட்டு முன்னோர்களைப் பற்றி அரைகுறையாகக் கேட்டதையெல்லாம் சேர்த்து அடித்துவிட்டார். அஜந்தன் நிமிர்ந்து பார்த்தான். காத்தாயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நல்லையா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார்.

“நடந்து வந்தவரா?”

“நடந்துதான்.”

“கப்பல்ல காலே வைக்கல?”

“கண்ணால பாத்ததுகூட இல்ல.”

நல்லையாவின் முகத்தில் கொஞ்சம் இரக்கம் தெரிந்தது. அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பெருமையும் தெரிந்தது. இனி இந்த இரண்டு குடும்பத்தில் கப்பலில் வந்த குடும்பம் ஒன்றுதான். அது தன்னுடையது.

“பரவாயில்ல சம்மந்தி. எப்பிடி வந்தா என்ன, வந்து சேந்துட்டாருல்ல? காத்தாயி, தட்டக் கொண்டா.”

தட்டு மாற்றினார்கள். இந்த முறை செல்லையா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். விதுஷா கடைசியில் அழுதாள். அஜந்தனும் அழுதான். மண்டபத்துக்காரருக்குச் சிவநந்தினியே போன் எடுத்து, அந்த இன்னொரு பார்ட்டியை வேறு நாள் பார்த்துக்கொள்ளச் சொன்னாள்.

திரும்பும்போது வேனின் முன்சீட்டில் அம்மாவும் மகளும் சேலைக்கடை பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். பின்சீட்டில் செல்லையாவும் பேச்சியம்மாவும். பேச்சியம்மா தட்டு மாற்றும்போதும் பேசவில்லை, சாப்பிடும்போதும் பேசவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்திருந்தார்.

செல்லையாவுக்கு மகளை நினைத்தால் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் மனசு கனத்தது. சின்ன வயதிலிருந்து அவர் மனதுக்குள் அந்த மனிதர் ஒரு கப்பலின் மேல்தளத்தில், தலைப்பாகை கட்டிக்கொண்டு, கடற்காற்றில் கம்பீரமாக நின்றுகொண்டிருந்தார். இன்றைக்கு நாலு பேர் முன்னால் அவரைக் கப்பலிலிருந்து இறக்கி, காட்டுக்குள் நடக்க விட்டாயிற்று. இந்தப் பொய்யை அக்கா மன்னிக்கவே மாட்டார் என்று நினைத்தார்.

டவுன் நெருங்கும்வரை பொறுத்துப் பார்த்தார். பிறகு முடியவில்லை.

“அக்கா, ஏதாச்சும் சொல்லுங்க. திட்டவாச்சும் செய்யுங்க.”

பேச்சியம்மா முன்சீட்டை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு தம்பியின் காதுக்குப் பக்கத்தில் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

“அவரு நடந்து வந்தத ஒனக்கு யாருடா சொன்னா? அப்பா எங்கிட்ட மட்டுந்தானே சொன்னாரு.”